அப்போது இருந்தவர்

கொற்றலை வானொலி நிலையத்தின் குரல் இலங்கையிலும் பர்மாவிலும் மலேயாவிலும் கணீரென்று கேட்டது. பொன்னேரியில் கேட்கவில்லை.

நிலையத்தின் கோபுரம் இருந்ததே பொன்னேரிக்கு வெளியே, நெல் வயல்களுக்கு நடுவில்தான். அதுதான் கோளாறு. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் சொல் புரியாது அல்லவா, அதுபோல அக்கம்பக்கத்து ரேடியோக்கள் எல்லாம் உறுமின; பேசவில்லை. ஆனால் ரேடியோ அல்லாத சாமான்கள் பேசின. துருப்பிடித்த முள்கம்பி பாடியது. கிணற்று ராட்டினம் மணிலாக்கொட்டை விலை சொன்னது. ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பியில் காலை ஆறு மணிக்கு நாகஸ்வரம் வந்தது. நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். புகார் எழுதியவர்களுக்கு நிலையம் தவறாமல் பதில் போட்டது: 'நேயர்கள் சற்றுத் தூரமாகப் போய்க் கேட்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

ரயில்வே கேட்டை ஒட்டி ஆதிநாராயணனுக்கு இரண்டு காணி நஞ்சை. மாடு வராமலிருக்க அவர் முள்கம்பி வேலி போட்டிருந்தார். ஒருநாள் ரேடியோ லைசென்ஸ் பார்க்கும் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"லைசென்ஸ் எங்கய்யா?"

"இன்னா சார், வேலிக்கு லைசென்ஸா? மாட்டத் தடுக்கறதுக்குப் போட்டது சார் இது."

"பாட்டு கேக்குதா இல்லையா?"

"கேக்குது."

"அப்போ இது ரேடியோ."

"நானா கேக்கறேன்? அது பாட்டுக்குப் பாடிக்கினே கீது. நிறுத்தலாம்னா ஒரு திருகு கூட இல்ல சார், பேஜாரு."

"திருகு இல்லாதது உங்க கருவியோட குறை. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

ஆதிநாராயணன் லைசென்ஸ் எடுத்தார். சின்ன நோட்டுப் புத்தகம். கருவியின் வகை: முள்கம்பி. வால்வுகள்: இல்லை. நீளம்: நாற்பது கஜம். அதை அவர் மடியிலேயே வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் போனபின் வேலியைப் பார்த்து, "பணம் கட்டியாச்சு, இனிமே ஒழுங்காப் பாடு" என்றார்.

அந்த நிலையத்தில் லாக் புத்தகம் எழுதுகிற வேலை துளசிராமனுக்கு. வயது இருபத்தேழு, பி.ஏ. சரித்திரம். நிகழ்ச்சிகள் பட்டணத்து ஸ்டூடியோவிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக வரும். இங்கிருந்து கோபுரத்தில் ஏறிப் போகும். அவன் மீட்டர் முள்களைப் பார்த்து அரை மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். கம்பி அறுந்து நிலையம் மௌனமானால் என்ன செய்வது என்பதற்குப் பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் இருந்தது. அதன் பெயர் 'வருத்தம் தெரிவித்தல்: நடைமுறை விதிகள்'.

பதினைந்து வினாடிக்கு மேல் மௌனம் நீடித்தால், பணியில் இருப்பவர் அலமாரியைத் திறந்து வீணை இசைத்தட்டைச் சுழலவிட்டு, மைக்கில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொல்ல வேண்டும். அலமாரிச் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். மெக்கானிக் தரத்தில் உள்ளவர்கள் இசைத்தட்டைத் தொடலாகாது. நிலையத்தின் சார்பில் வருந்தலாகாது. 'மிகவும் வருந்துகிறோம்' என்று சொல்ல இயக்குநரின் முன் அனுமதி எழுத்தில் வேண்டும். ஆகவே பத்து வருஷத்தில் யாரும் மிகவும் வருந்தியதில்லை.

துளசிராமனின் குரல் காற்றில் போனது அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும்தான். அதைக் கேட்பதற்காக அவன் மனைவி செல்வி ஆதிநாராயணனின் வேலி ஓரம் கீரை பறிக்கிற பாவனையில் நிற்பாள். செவ்வாப்பேட்டைக்காரி. காலையில் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போதே, "இன்னிக்காவது கம்பி அறுந்து பூடுமா?" என்று கேட்டு அனுப்புவாள். அறுந்த நாளில் வீட்டில் பாயசம்.

போன வருஷம், 1957 ஜூலை ஒன்பதாம் தேதி, செல்வி பொன்னேரி ஆஸ்பத்திரியில் டைபாய்டில் இறந்தாள். நிலையம் அவனுக்கு ஓர் அனுதாபக் கடிதம் கொடுத்தது. 'தங்கள் துணைவியாரின் மறைவுக்கு வருந்துகிறோம்' என்று இருந்தது. மிகவும் இல்லை.

ஏப்ரலில் இயக்குநர் பூவராகவன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். முப்பது வருஷம் மைக்குக்கு முன்னால் பேசிப் பேசி அவருக்கு வேறு மாதிரிப் பேசவே மறந்துவிட்டது. வீட்டில் ரசம் கேட்டாலும் செய்தி வாசிப்பது போலத்தான் கேட்பார் என்று சொல்வார்கள்.

"துளசிராமன் அவர்களே! வரும் ஜூலைத் திங்களில் நமது நிலையம் பத்தாண்டுகளை நிறைவு செய்கிறது. அதன் வரலாற்றைத் தாங்கள் எழுதுகிறீர்கள். தாங்கள் சரித்திரம் பயின்றவர்."

"சரி சார். எதிலேர்ந்து ஆரம்பிக்கறது?"

"ஆதிமனிதன் எழுப்பிய முதல் கூக்குரலிலிருந்து."

பக்கத்தில் நின்றிருந்த தலைமை எழுத்தர் சுப்பராயன் விளக்கினார். "முதல் அத்தியாயம் கூக்குரல். ரெண்டாவது முரசு. மூணாவது சங்கு. நம்ம நிலையம் ஏழாவதுல வந்தா போதும். எட்டாவதுல டைரக்டர் ஐயாவோட இளமைப் பருவம்."

"முடிவு வாக்கியத்தை நானே எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்" என்றார் பூவராகவன். "'இப்பத்தாண்டுகளில் இந்நிலையம் ஒரு கணமும் மௌனமுற்றதில்லை.' இடையில் இருப்பதைத் தாங்கள் நிரப்பினால் போதுமானது."

துளசிராமன் லாக் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு படித்தான். அரை நிமிஷ மௌனங்கள், ஒரு நிமிஷ மௌனங்கள் நிறைய இருந்தன. அவற்றைத் திரட்டி 'சிந்தனைக்கு விடப்பட்ட இடைவெளிகள்' என்று எழுதிக்கொடுத்தான். இயக்குநர் பாராட்டினார். பிறகு அவன் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கத்துக்கு வந்தான்.

ஜூலை ஒன்பது. நேரம்: 12.41 முதல் 12.48 வரை. குறை: மௌனம். காரணம்: கம்பித் தொடர்பு அறுந்தது. அப்போது இருந்தவர்: ஹனீப்.

அவன் கையெழுத்துதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஹனீப் பழவேற்காட்டுக்காரர், மெக்கானிக், நாற்பது வயது. அன்று பன்னிரண்டரை மணிக்கு பொன்னேரிக் கடைவீதிக்குப் போய்வந்தவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "சார், உன் மாமியாரு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கினு கத்துறாங்க. உடனே வரணுமாம். போ சார். நா இந்த சீட்ல குந்திக்கினு இருக்கேன்."

ஆஸ்பத்திரி சைக்கிளில் ஐந்து நிமிஷம். பாதி வழியில் ரயில்வே கேட். துளசிராமன் போனபோது கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆதிநாராயணனின் வேலி அமோனியம் சல்பேட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 'இரண்டாம் முறை உரம் இடும்போது, விவசாயத் தோழர்களே...' என்று சொல்லி, நின்றுவிட்டது.

கம்பி அறுந்துவிட்டது. அவனுக்குச் சட்டைப் பை கனத்தது. சாவி.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போயிற்று. கேட் திறந்தது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரண்டு நிமிஷம். இந்தப் பக்கம் நிலையம் மூன்று நிமிஷம். அவன் யோசித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. சைக்கிள் திரும்பியது.

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தான். வீணை. "தடங்கலுக்கு வருந்துகிறோம்." குரல் நடுங்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பகல் ஒலிபரப்பு முடியும்வரை முள்களைப் பார்த்து எழுதினான். செல்வி ஒன்று ஐந்துக்கு இறந்துபோனாள். ஏழு நிமிஷ மௌனத்துக்குப் பிறகும் 'மிகவும்' சேர்க்காமல் அளவாக வருந்தியதற்காக அவனுக்கு மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் குறிப்பு வந்தது. ஹனீப்புக்கு சஸ்பென்ஷன் வந்தது.

ஹனீப் வாயைத் திறக்கவில்லை. நிலையமும் கேட்கவில்லை, லாக் புத்தகத்தில்தான் பெயர் இருந்ததே. விதிப்படி, சஸ்பென்ஷனில் இருப்பவர் தினமும் காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு வந்து, தான் வேலைக்கு வரவில்லை என்பதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து மாதமாக ஹனீப் வந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காய்ச்சலில் வராமலிருந்ததற்கு, 'வேலைக்கு வராததைத் தெரிவிக்க வராதது ஏன்?' என்று கேட்டு ஒரு மெமோ.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது ஒவ்வொரு நாளும் துளசிராமனிடம், "நாஷ்டா ஆச்சா சார்?" என்று கேட்பார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்த மறுநாள் அவன் லாக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனான். சுப்பராயனும் இருந்தார்.

"சார், இந்த ஏழு நிமிஷம் நான் சீட்ல இல்ல. வெளியே போயிருந்தேன். சாவி என்கிட்ட இருந்துது. தப்பு என்னோடது. ஹனீப் பாயோடது இல்ல."

"எந்த ஏழு நிமிடங்கள்?" என்றார் பூவராகவன்.

துளசிராமன் காட்டினான்.

"ஒரு கணமும் மௌனமுற்றதில்லை என்பது அச்சாகிவிட்டது. நிகழாத மௌனத்துக்குத் தாங்கள் எவ்வாறு பொறுப்பேற்க இயலும்? இது அதிகப்பிரசங்கித்தனம் அன்றோ?"

"நிகழலேன்னா ஹனீப் பாயை எதுக்கு சார் சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அது வேற ஃபைல்" என்றார் சுப்பராயன் பொறுமையாக. "அந்த ஃபைல்ல மௌனம் நடந்திருக்கு. இந்த ஃபைல்ல நடக்கல. ரெண்டும் வேற வேற அலமாரி."

"அப்போ அந்த ஃபைல்லயாவது என் பேரைப் போடுங்க."

"அதுல குற்றவாளின்னு ஒரு இடம்தான் இருக்கு தம்பி. அது நிரம்பிடுச்சு. அதோட, உங்க தரத்துல இருக்கறவங்க செஞ்சா அது குற்றம்னு வராது. 'நிர்வாகச் சூழ்நிலை'ன்னு வரும். சூழ்நிலைய எப்படி சஸ்பெண்ட் பண்றது?"

"ஹனீப்பை வேலைல திரும்பச் சேர்த்துக்கலாமே சார்."

"சேர்க்கணும்னா ஆர்டர்ல காரணம் எழுதணும். மௌனம் நடந்துதுன்னு எழுதினா வரலாறு தப்பு. நடக்கலேன்னு எழுதினா சஸ்பென்ஷன் தப்பு. இந்த நிலையத்துல ரெண்டுமே தப்பா இருக்க முடியாது. அவர் பாட்டுக்கு இப்படியே இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

இயக்குநர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புது பிளேடை எடுத்தார். "அப்பக்கத்தை வெட்டிவிடுக" என்றார்.

சுப்பராயன் பிளேடின் காகிதத்தைப் பிரிக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது. பியூனைத் தள்ளிக்கொண்டு ஆதிநாராயணன் உள்ளே வந்தார். ஒரு கையில் லைசென்ஸ். மறு கையில் ரிஜிஸ்தர் தபாலின் ரசீது.

"யாரு சார் இங்க பெரிய ஆபீசரு? போன வருசம் ஜூலை ஒம்பதாந்தேதி ஏழு நிமிசம் என் வேலி பேசல. எழுதிப்போட்டேன். வருசம் திரும்பப் போவுது, பதிலு காணோம்."

"எதுக்குப் பேசலேன்னு..." என்று ஆரம்பித்தார் சுப்பராயன்.

"எதுக்கா? ரெண்டாவது உரம் எப்ப போடறதுன்னு சொல்ல வந்தான், பாதில நின்னுபூட்டான். நானும் பாதி வயலுக்குப் போட்டு நின்னுபூட்டேன். மீதிப் பாதி மஞ்சளாப் பூடுச்சு. லைசென்சு இல்லாதவன் கேட்டா தொரத்து. நா டப்பு கட்டிக் கேக்கறவன் சார்!"

சுப்பராயன் ரசீதைப் பார்த்தார். அவருடைய கையெழுத்து. நிலையத்தின் முத்திரை. அவர் பிளேடைக் காகிதத்துக்குள் திரும்ப வைத்தார். லைசென்ஸ் உள்ள நேயர் கேட்ட மௌனத்தை நிலையம் இல்லையென்று சொல்ல முடியாது. விதி இருந்தது.

ஆதிநாராயணனை மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். இயக்குநர் எழுந்து ஜன்னல் அருகே போய் நின்றார். கோபுரத்தைப் பார்த்தார். திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"நாம் மௌனமுறவில்லை" என்றார். "மௌனத்தை ஒலிபரப்பினோம்."

"ஐயா!" என்றார் சுப்பராயன்.

"அது அஞ்சலி. மறைந்த பெரியார் ஒருவருக்கு இந்நிலையம் ஏழு நிமிட மௌனம் அனுசரித்தது. பிற நிலையங்கள் இரண்டு நிமிடங்களோடு நின்றுவிடும். ஏழு நிமிடங்கள் துக்கப்படும் ஆற்றல் நமது ஐம்பது கிலோவாட்டுக்கு மட்டுமே உண்டு. அன்று மறைந்தவர் யார்? கண்டுபிடியுங்கள்."

மூன்று நாள் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார்கள். சுப்பராயன் கடைசிப் பத்திரிகையை மூடி வைத்தார். "பாருங்க சார் அநியாயத்தை, அன்னிக்குன்னு பார்த்து சொல்லிக்கிற மாதிரி ஒருத்தர் சாகல. பத்தாந்தேதி ஒரு ஜமீன்தார் போயிருக்கார். ஒரு நாள் முன்கூட்டியே துக்கப்பட்டோம்னு எழுதலாமா?"

"அது மிகையாகும்" என்றார் பூவராகவன்.

துளசிராமன் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். "அன்னிக்கு ஒருத்தங்க செத்தாங்க சார்" என்றான்.

"யார்?"

"செல்வி. செவ்வாப்பேட்டை."

"எத்துறையைச் சார்ந்தவர்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நேயர்."

"வெறும் நேயரா?"

"இந்த நிலையத்தை விடாம கேட்டவங்க. குறிப்பா, தடங்கல் எல்லாத்தையும்."

யாருக்கும் அந்தப் பெயர் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அனுதாபக் கடிதத்தில் துணைவியார் என்றுதான் இருந்தது. பூவராகவன் கண்ணை மூடித் திறந்தார். "நேயர் திலகம் செல்வி அம்மையார்" என்றார். "மந்திரிகளுக்கும் ஜமீன்களுக்கும் அன்றி எளிய நேயர் ஒருவருக்கு ஏழு நிமிடம்! எழுதிக்கொள்ளுங்கள்."

சுப்பராயன் எழுதிக்கொண்டார். ஹனீப்பின் ஃபைலும் அன்றைக்கே திறந்தது. ஆர்டரில் காரணம் எழுத இப்போது இடம் கிடைத்துவிட்டது: 'அஞ்சலி நேரத்தில் எதையும் தொடாமல், எதையும் பேசாமல், முன்மாதிரியாக மௌனம் காத்தவர்.'

ஹனீப் பொன்னேரி மார்க்கெட் ஓரம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். துளசிராமன் போய்ச் சொன்னான்.

"வேலை வந்துட்சா? அல்லாவே!" ஹனீப் கையைத் துடைத்துக்கொண்டார். "யாரு பேர்ல சார் மௌனம்?"

"செல்வி பேர்ல."

ஹனீப் ட்யூபைக் கையில் எடுத்தார். "நியாயம்தான். அந்த நேரத்துல தானே நீ போய்ப் பாத்துட்டு வந்தே. எங்க ஊட்ல மெஹர்னிசா தெனம் சண்டை சார். 'எவனோ பண்ணதுக்கு நீ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு கீறே'ன்னு. அந்த மனுசன் சம்சாரத்தோட மொகத்தப் பாத்துட்டு வந்தாரு, அது போதும்டீன்னு சொல்வேன்."

"நான் பாக்கல பாய்."

"இன்னா?"

"கேட் வரைக்கும்தான் போனேன். வேலி நின்னுபோச்சு. திரும்பிட்டேன்."

ஹனீப் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது.

"கேட்டு தொறக்கலியா?"

"தொறந்துது."

ஹனீப் ட்யூபை வெளியே எடுத்து ஓட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஆர்டர் கையெழுத்தாகி வரும்வரை தினமும் பத்து மணிக்கு வந்து, வேலைக்கு வரவில்லை என்று கையெழுத்துப் போட்டார். நாஷ்டா ஆச்சா என்று கேட்கவில்லை.

விழா ஜூலை ஒன்பதாம் தேதி. கோபுரத்தின் அடியில் பந்தல். மேடையில் செல்வியின் படம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. ஓரத்தில் ஒரு பட்டு அங்கவஸ்திரம் போட்ட தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்தத் தோள் யாரோடது?" என்று சுப்பராயன் கேட்டதற்குத் துளசிராமன், "தெரியல சார்" என்றான். மை வைத்து அதை மறைத்தார்கள்.

விழாவைக் கோபுரத்தில் ஏற்றுகிற வேலை இருந்ததால் அவன் பந்தலுக்குப் போகவில்லை. மீட்டர்களுக்கு முன் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டான். அன்று காலை வேலைக்குச் சேர்ந்த ஹனீப் சுவரோரம் நின்றார்.

இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். "இன்று பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு மீண்டும் ஏழு நிமிடங்கள் மௌனம் அனுசரிப்போம். இனி ஆண்டுதோறும் அனுசரிப்போம்" என்று அறிவித்தார். பிறகு, "அம்மையாரைப் பெற்றெடுத்த தாயார் இரு சொற்கள் கூறுவார்" என்றார்.

செவ்வாப்பேட்டையிலிருந்து மணியம்மாளை வண்டி வைத்து அழைத்து வந்திருந்தார்கள். ஒரு வருஷமாக அவள் துளசிராமனிடம் பேசியதில்லை. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு விடுவது முதலில் கேட்டது.

"எம் பொண்ணு பெருசா ஒண்ணும் பண்ணல. இந்த ரேடியோவக் கேக்கும். கம்பிலதான் கேக்கும். கடேசி நாளும் கேட்டுச்சு. ஆஸ்பத்திரில ஜன்னலாண்ட கட்டிலு. 'ஆளு அனுப்பிச்சியாம்மா'ன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. அனுப்பிச்சிட்டேன், வந்துக்கினே இருக்காருன்னேன். அப்ப ஜன்னல் கம்பி பேச்ச நிறுத்திடுச்சு. எம் பொண்ணு சிரிச்சுது. 'கம்பி நின்னுபோச்சு பாரு, அவரு கெளம்பிட்டாரு'ன்னுச்சு. வாசலையே பாத்துக்கினு இருந்துச்சு. அப்பால கம்பி மறுபடியும் பேசிச்சு. தடங்கலுக்கு வருந்துகிறோம்னு. மாப்ள குரலு. 'அவரு ட்யூட்டில கீறாரும்மா'ன்னுட்டு, செவுரு பக்கமாத் திரும்பிப் படுத்துக்குச்சு. அவ்ளோதான்."

இயக்குநர் மைக்கைக் கைப்பற்றிக்கொண்டார். "கேட்டீர்களா அன்பர்களே! தம் இறுதி மூச்சிலும் இந்நிலையத்தின் கடமை தவறாமையைப் போற்றிய பெருமாட்டி! நமது அறிவிப்பாளரைத் தம் இல்லத்து மாப்பிள்ளையாகவே கருதிய அன்னை! இதைவிட ஒரு நிலையத்துக்கு வேறென்ன வேண்டும்?"

கைதட்டல் மீட்டரில் முள்ளை எண்பதுவரை தள்ளியது. துளசிராமன் அதைக் குறித்துக்கொண்டான். மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று ஆயிற்று. ஒலிபெருக்கி நின்றது. முள்கள் கீழே இறங்கின.

ஹனீப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடு சார்."

"எதுக்கு பாய்?"

"ஏழு நிமிசம் கீது. சைக்கிளு வெளியதான் நிக்குது. போ."

"இப்ப எங்க போறது?"

"எனக்கு இன்னா தெரியும்? போ சார்."

சாவியைக் கொடுத்தான்.

கேட் திறந்திருந்தது. வேலி பேசவில்லை. ஆதிநாராயணன் தலைத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லைசென்ஸைக் கையில் பிடித்து, வேலிக்கு முன்னால் விறைப்பாக நின்றிருந்தார். சைக்கிளின் வேகம் குறைந்ததைப் பார்த்து, மௌனத்தைக் கலைக்காமல், போ போ என்று கையால் காட்டினார். துளசிராமன் தண்டவாளத்தைத் தாண்டினான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் மூன்றாவது ஜன்னல். உள்ளே கட்டிலில் வேறு யாரோ ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். துளசிராமன் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெயிலில் சுட்டது. செல்வி பார்த்துக்கொண்டிருந்த வாசல் இங்கிருந்து தெரிந்தது. வாசலில் யாரும் வரவில்லை. அவன் நேரம் பார்க்கவில்லை.

கம்பிக்குள் வீணை கேட்டது. அதன்மேல் ஒரு குரல், மைக்குக்குப் பழக்கமில்லாத, பழவேற்காட்டுக் குரல்.

"தடங்கலுக்கு மிகவும் வருந்துகிறோம்."

கொஞ்சம் விட்டு, அது மறுபடி சொன்னது. "மிகவும்."

அவன் திரும்பி வந்தபோது ஹனீப் சுவரோரமாக, முன்மாதிரியாக நின்றுகொண்டிருந்தார். துளசிராமன் லாக் புத்தகத்தைத் திறந்தான்.

நேரம்: 12.48. குறை: அனுமதி பெறாமல் மிகவும் வருந்தியது. காரணம்: பணியில் இருந்தவரின் கவனக்குறைவு. அப்போது இருந்தவர்: துளசிராமன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தான். இருந்தவர் என்பது பொய். கீழே கையெழுத்துப் போட்டான்.

"குரல் வேற மாதிரி இருந்துதே" என்று சுப்பராயன் சந்தேகப்பட்டார். லாக் புத்தகத்தைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அவன் தரத்துக்கு இது குற்றமாக வருமா என்று விதிகளைப் புரட்டினார். வந்தது. வருத்தத்தில் எல்லாத் தரத்தவரும் சமம் என்று ஒரு விதி இருந்தது. அதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

மாலையில் மெமோ கைக்கு வந்தது. 'நிலையத்தின் சார்பில் அளவுக்கு மீறி வருந்திய குற்றத்துக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? மூன்று நாள்களுக்குள் விளக்கம் வராவிடில், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்.'

துளசிராமன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில், சாவி இருந்த இடத்தில் வைத்துக்கொண்டான். அவன் விளக்கம் எழுதவில்லை. மூன்று நாளும் பையில் அது இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டான்.